மூக்கும் கத்தியும் வாந்தி மருந்தும்: பாரிஸ் வைத்தியர்களின் வசைச் சண்டை

கேள்வி இது: "17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நாடகங்களில் வைத்தியர்கள் எல்லாரும் மூடர்களாகவோ பணப்பேய்களாகவோ வருகிறார்கள். நிஜத்திலும் அந்தக் காலத்து வைத்தியர்கள் ஒருவரையொருவர் கேலி செய்து அச்சிலேயே எழுதிக்கொண்டார்களாமே? அது தொழில் பொறாமைதானா, வேறு காரணம் உண்டா?"

எழுதிக்கொண்டார்கள். லத்தீனில் திட்டினார்கள், பிரெஞ்சில் திட்டினார்கள், செய்யுள் கட்டித் திட்டினார்கள், நீதிமன்றத்தில் நீதிபதி முன்னாலேயே நின்று திட்டினார்கள். மோலியேர் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வைத்தியர்கள் சமைத்து வைத்திருந்ததை எடுத்துப் பரிமாறினார், அவ்வளவுதான்.

தொழில் பொறாமை நிச்சயம் உண்டு. ஆனால் அது பாதிக் காரணம்தான். ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று காட்ட அன்றைக்கு யாரிடமும் ஒழுங்கான வழி இல்லை. நோயாளி எழுந்து உட்கார்ந்தால் அது என் மருந்து. பாடை கட்டினால் அது நேற்று வந்துபோன அந்த ஆள் கொடுத்த மருந்து. ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு கதை. இப்படிச் சாட்சியே இல்லாத வழக்கில் சிரிப்பைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். எதிராளியைப் பார்த்து ஊர் சிரித்துவிட்டால் அவன் மருந்தும் தோற்ற மாதிரி. நான் படித்தவரை, அந்தக் காலத்து வைத்தியர் வசைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

ஐரோப்பா முழுக்க இது நடந்தது. ரத்தம் உடம்புக்குள் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய வைத்தியர் ஹார்வி 1628-ல் எழுதியபோது எதிரிகள் அவருக்கு 'சிர்குலாதோர்' என்று பட்டம் கட்டினார்கள். சுற்றி வருபவன் என்று பொருள். லத்தீனில் ஊர் ஊராகச் சுற்றி லேகியம் விற்கும் போலி வைத்தியனுக்கும் அதே சொல்தான். லண்டனில் பெரியம்மைக்கு வாந்தி மருந்தா, பேதி மருந்தா என்று துண்டுப் பிரசுரங்களில் தொடங்கிய சண்டை 1719-ல் இரண்டு டாக்டர்கள் தெருவில் வாளை உருவுகிற அளவுக்குப் போனது. ஆனாலும் இந்தக் கலையின் தலைநகரம் பாரிஸ்தான். அதிலும் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டால் மொத்தக் கதையும் விளங்கிவிடும்.

அவர் பெயர் கி பத்தேன். 1601-ல் பிறந்தவர், பாரிஸ் மருத்துவப் பீடத்தின் பேராசிரியர், 1650-ல் அதன் டீன் ஆனவர். வீட்டில் சுமார் 10,000 புத்தகம். லத்தீனைத் தண்ணீர் பட்ட பாடாக வைத்திருந்தார். அவருடைய வைத்தியம் எளிமையானது: கத்தி வைத்து ரத்தம் எடு, நிலாவரை கொடுத்துப் பேதியாக வை, எனிமா கொடு. முடிந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் நிலாவரையின் இனம்தான் அது. ரத்தம் எடுப்பதில் மனிதர் தன் வீட்டாருக்கும் சலுகை காட்டியதில்லை. மனைவிக்கு நெஞ்சு நோய் வந்தபோது 12 தடவை, மகனுக்கு விடாத காய்ச்சலில் 20 தடவை, தனக்கு வெறும் சளி பிடித்ததற்கு 7 தடவை. குசினோ என்ற சக வைத்தியர் ஒருவருக்கு மூட்டுவாதம் வந்தபோது எட்டு மாதத்தில் 64 முறை ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பத்தேன் தன் கடிதத்தில் பெருமையாகப் பதிவு செய்கிறார். எடுக்கச் சொன்னவர்கள் வேறு யாருமில்லை, நோயாளியின் சொந்த அப்பாவும் மாமனாரும். இருவருமே வைத்தியர்கள்.

அவரை வெறும் பழமைவாதி என்று தள்ளிவிடவும் முடியாது. மருந்துக் கடைக்காரர்கள் மானின் வயிற்றுக் கல், அறுபது சரக்கு சேர்த்த லேகியம் என்று சொல்லிப் பணம் பறித்த காலத்தில், வீட்டிலேயே செய்துகொள்ளும் மலிவு மருந்து போதும் என்று சொன்னவர் அவர். ஏழை எளியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தன் கட்சிக்கு வெளியே இருந்த எவரையும் மனிதனாக மதிக்கவில்லை. அரசரின் மூலிகைத் தோட்டத்தை நிறுவிய கி தெ லா பிரோஸ் 1641-ல் சாகும் தறுவாயில் இருந்தார். ரத்தம் எடுக்கலாம் என்றபோது, அது ரத்தவெறி பிடித்த பண்டிதர்களின் மருந்து, அதற்குச் செத்தே போகிறேன் என்று மறுத்துவிட்டார். செத்தும் போனார். பத்தேன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் போட்ட இரங்கல் செய்தி: மறு உலகத்தில் பிசாசு அவனுக்கு ரத்தம் எடுக்கும், அந்த அயோக்கியனுக்கும் நாத்திகனுக்கும் அதுதான் தகும்.

இப்படிப்பட்டவருக்கு எதிரியாக வாய்த்தவர் தெயோஃப்ராஸ்த் ரெனோதோ. மோன்பெலியேயில் பட்டம் பெற்றவர். பாரிஸ் பீடத்துக்காரர்களுக்கு அதுவே முதல் குற்றம், ஏனென்றால் வெளியூர்ப் பட்டதாரி யாரும் பாரிஸில் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அரச குடும்பத்து வைத்தியர்களுக்கு மட்டும் விலக்கு. ரெனோதோவிடம் அரச வைத்தியர் பட்டமும் இருந்தது, முதலமைச்சர் ரிஷ்லியூவின் ஆதரவும் இருந்தது. அவர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. 1631-ல் பிரான்சின் முதல் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். வேலை தேடுபவர்களுக்கும் ஆள் தேடுபவர்களுக்கும் ஒரு தகவல் நிலையம் நடத்தினார். 1637-ல் அடகுக் கடை வைத்தார். பிறகு அதே இடத்தில் ஏழைகளுக்கு இலவச வைத்திய ஆலோசனையும் தொடங்கினார்.

1642-ல் ரெனோதோ ஒரு சிறு புத்தகம் போட்டார். வைத்தியரிடம் நேரில் வர முடியாத நோயாளி, தன் நிலையைத் தாளிலேயே குறித்து அனுப்புவதற்கான புத்தகம். மனித உடம்பின் படங்கள் இருக்கும். எங்கே வலி என்று அதில் அடையாளம் போட வேண்டும். வயது, நாடி, சிறுநீர், தூக்கம், பசி என்று வரிசையாகப் போகும். பொருந்துவதன் பக்கத்தில் கோடு போட வேண்டும். கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். தாளைப் பாரிஸுக்கு அனுப்பினால் ஆலோசனை வரும். பீடத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அவமானம் என்று புரியும். நீண்ட அங்கி, ஏறிவரக் கோவேறு கழுதை, லத்தீன் வாக்கியம் என்று கட்டிக்காத்த மரியாதை முழுவதையும் கோடு போடும் ஒரு தாளுக்குள் அடக்கிவிட்டான் ஒரு பத்திரிகைக்காரன்.

இப்படிப்பட்ட ஆளைப் பத்தேன் சும்மா விடுவாரா? தான் அச்சுக்குத் தயார் செய்த ஒரு மருத்துவ நூலின் முன்னுரையில் ரெனோதோவை 'நெபுலோ', 'பிளாட்டெரோ' என்றார். போக்கிரி, உளறுவாயன் என்று பொருள். பிறகு கடிதங்களில் அது 'வாராந்திரப் போக்கிரி' ஆனது. பத்திரிகை வாரம் ஒருமுறை வந்ததல்லவா? ரெனோதோ மானநஷ்ட வழக்குப் போட்டார். 1642-ல் விசாரணை. பத்தேன் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடி நீதிமன்றத்தைச் சிரிக்க வைத்தார், வழக்கு அவர் பக்கம் போனது.

ரெனோதோவுக்குச் சப்பை மூக்கு. வெளியே வரும்போது பத்தேன் அவரிடம் சொன்னதாக ஒரு வாக்கியம் பாரிஸ் முழுக்கப் பரவியது: "ஐயா, தோற்றாலும் உங்களுக்கு லாபம்தான். உள்ளே போகும்போது மூக்கு சப்பையாக இருந்தது, வெளியே வரும்போது ஒரு அடி நீளம் வளர்ந்திருக்கிறது." பிரெஞ்சில் ஒருவன் அவமானப்பட்டால் 'ஒரு அடி மூக்கோடு திரும்பினான்' என்பார்கள். நாம் மூக்குடைபட்டான் என்கிறோம். அவர்களுக்கு மூக்கு நீள்கிறது, நமக்கு உடைகிறது; மானம் என்னவோ இரண்டு ஊரிலும் மூக்கில்தான் குடியிருக்கிறது.

இந்த மூக்குக் கேலி வெறும் உருவக் கேலி இல்லை, அதில் தொழில் விஷமும் உண்டு. சிபிலிஸ் என்ற மேகநோய் முற்றினால் மூக்குத் தண்டு உள்வாங்கிவிடும் என்பது அன்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வைத்தியரின் மூக்கைச் சுட்டிக்காட்டினால் போதும், மீதியை ஊரே நிரப்பிக்கொள்ளும்: தனக்கு வந்த நோயையே தீர்த்துக்கொள்ளாதவன் உனக்கு என்ன செய்வான்? இதை யாரோ ஒரு அநாமதேயர் பச்சையாகவே எழுதினார். 'பிரான்சின் மாபெரும் பத்திரிகைக்காரன் தெயோஃப்ராஸ்த் ரெனோதோவின் அழுகிய மூக்கு' என்று ஆரம்பிக்கும் ஒரு துண்டுப் பிரசுரம். அதன் தலைப்பே ஒரு பத்தி நீளம். ரசவாதி, போலி வைத்தியன், வட்டிக்காரன், பெரிய மோசடிக்காரன் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அவருடைய அடகுக் கடை கவிழ்ந்தது, மருந்து காய்ச்சும் அடுப்பும் வடிகலனும் உடைந்தது, பீடத்திடம் வழக்கில் தோற்றது, எல்லாம் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. உள்ளே படிக்க என்ன மிச்சம் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

அந்தப் 'பீடத்திடம் வழக்கில் தோற்றது' என்பது வேறு வழக்கு. 1642 டிசம்பரில் ரிஷ்லியூ இறந்தார், அடுத்த மே மாதம் அரசர் பதின்மூன்றாம் லூயியும் போனார். ரெனோதோவுக்குக் குடை பிடிக்க ஆளில்லை. 1644 மார்ச் 1-ஆம் தேதி பாரிஸ் உயர் நீதிமன்றம் அவர் பாரிஸில் வைத்தியம் பார்க்கக் கூடாது, ஆலோசனையும் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, ஏழைகளுக்கு இலவச ஆலோசனை நடத்தப் பீடமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆளை விரட்டிவிட்டு அவர் செய்த வேலையைத் தலையில் சுமந்துகொண்டார்கள். 1653-ல் ரெனோதோ இறந்தபோது பத்தேன் எழுதிய வரி: கிழவர் ரெனோதோ இங்கே செத்துப்போனார், ஓவியனைப் போல ஓட்டாண்டியாக.

அதே ஆண்டில்தான் மகன் திருப்பி அடித்தார். ரெனோதோவின் இரண்டு மகன்கள் பாரிஸ் பீடத்திலேயே படித்தவர்கள். அப்பாவின் தொழில்களோடு தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர்களுக்குப் பட்டம் கிடைத்தது. அவர்களில் எஸேப் என்பவர் 1653-ல் ஆன்டிமனி என்ற வாந்தி மருந்தை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். தலைப்பு: 'நியாயம் பெற்ற ஆன்டிமனி, வெற்றி பெற்ற ஆன்டிமனி'.

ஆன்டிமனியின் தாதுவை நம்மூரில் அஞ்சனக்கல் என்போம். மை தீட்டப் பயன்பட்டது. ஐரோப்பாவில் அதைச் சுட்டுப் பொடித்து வெள்ளை ஒயினில் ஊறவைத்து, தெளிந்த ஒயினை மட்டும் குடிக்கக் கொடுத்தார்கள். குடித்தவர் குடலே வெளியே வருவது போல வாந்தி எடுப்பார். இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. ஒயின் எவ்வளவு புளிப்போ அவ்வளவு ஆன்டிமனி அதில் கரையும். அதாவது ஒரே பொடி, ஒரே கிண்ணம், ஒரே அளவு. போன வாரம் ஒருவரைப் பிழைக்க வைத்த மருந்து இந்த வாரம் இன்னொருவரைக் கொன்றுவிடும். ஆதரித்தவர்களிடமும் எதிர்த்தவர்களிடமும் கை நிறைய உண்மைக் கதைகள் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பாரிஸ் பீடம் 1566-லேயே ஆன்டிமனியை விஷம் என்று அறிவித்திருந்தது. ஆனால் 1638-ல் வெளிவந்த அதன் சொந்த மருந்து நூலிலேயே வாந்தி ஒயின் இடம் பிடித்துவிட்டது. யார் நுழைத்தது என்று ஒரு தனிச் சண்டை. 1652-ல் பீடத்து வைத்தியர்கள் 61 பேர் ஆன்டிமனிக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டார்கள். பத்தேன் பதிலுக்கு ஆன்டிமனியால் செத்தவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆன்டிமனியின் தியாகிகள் வரலாறு'. புனிதர்களின் உயிர்த்தியாக நூல்களை வைத்துச் செய்த கிண்டல் அது.

எஸேப்பின் நூலுக்கு மறு ஆண்டே பெரோ என்ற வைத்தியர் பதில் போட்டார்: 'வெற்றி ஆன்டிமனியின் கொண்டாட்டத்தைக் கெடுக்க வந்தவன்'. 1656-ல் கர்னோ என்ற துறவி ஆன்டிமனிக் கட்சியில் சேர்ந்து ஒரு நையாண்டிக் காவியமே பாடினார். 'ஸ்டிம்மி' என்பது ஆன்டிமனியின் கிரேக்கப் பெயர். அதோடு 'போர்' என்ற சொல்லைச் சேர்த்துத் தலைப்பு வைத்தார். நம் மரபில் சொன்னால் அஞ்சனப் பரணி.

ஆனால் இந்தக் காவியங்களைவிடப் பத்தேனின் ஒற்றைச் சொல் கூர்மையானது. அரசரின் தலைமை வைத்தியர் வலோ ஆன்டிமனிக் கட்சி. கர்கான் என்ற நிதி அதிகாரி அவரிடம் வாந்தி மருந்து வாங்கிக் குடித்து இறந்தார். பிரெஞ்சில் 'துவா' என்றால் கொன்றான். பழைய கதைகளில் வரும் பெருந்தீனி அரக்கன் பெயர் கர்காந்துவா. பிறகென்ன, அரசவையில் வலோவின் பெயர் கர்காந்துவா! கர்கானைக் கொன்றவன். காளமேகத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இதன் ருசியை விளக்க வேண்டியதில்லை. ஒரு சிலேடைக்குள் குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்பு மூன்றும் இருக்கிறது. மறுப்பு எழுத வலோவுக்கு இடமே இல்லை.

1658-ல் காற்று திசை மாறியது. போர்முனைக்குப் போன இளம் அரசர் பதினான்காம் லூயி கலே நகரில் கடும் காய்ச்சலில் விழுந்தார். ரத்தம் எடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், கடைசியில் வாந்தி ஒயினும் கொடுத்தார்கள். அரசர் பிழைத்தார். ஆன்டிமனிக் கட்சிக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? பத்தேன் மசியவில்லை. அரசரைக் காப்பாற்றியவை அவருடைய கள்ளமின்மை, இளமை உடல், ஒன்பது நல்ல ரத்தமெடுப்பு, நம்மைப் போன்ற நல்லவர்களின் பிரார்த்தனை என்று எழுதினார். 'நம்மைப் போன்ற' என்பதை எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வருகிறது.

அவர் வெறும் பிடிவாதத்தில் அப்படி எழுதினார் என்று சொல்லலாம். ஆனால் தர்க்கப்படி அவர் சொன்னதில் பிழை ஏது? மூன்று காரியம் செய்தார்கள், ஆள் பிழைத்தான். எது காப்பாற்றியது என்று யார் சொல்ல முடியும்? இதற்கு வழி சொன்ன ஒரே ஒரு ஆள் அந்தத் தலைமுறையில் இருந்தார். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து வைத்தியர் வான் ஹெல்மோன்ட். அவர் இறந்த பிறகு 1648-ல் அச்சான அவருடைய நூலில் ஒரு சவால் இருக்கிறது: மருத்துவமனைகளிலிருந்து 200 அல்லது 500 ஏழை நோயாளிகளை எடுப்போம், சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிப்போம், ஒரு பாதி உங்களுக்கு, ஒரு பாதி எனக்கு, நான் ரத்தம் எடுக்காமல் பார்க்கிறேன், நீங்கள் உங்கள் முறைப்படி பாருங்கள், கடைசியில் யார் பக்கம் எத்தனை சவ ஊர்வலம் என்று எண்ணுவோம். பந்தயம் 300 ஃபுளோரின். யாரும் பந்தயத்துக்கு வரவில்லை. 1644 கடைசியில் அவர் இறந்தபோது பத்தேன் எழுதியது: அவன் ஒரு கெட்ட ஃபிளெமிஷ் போக்கிரி, பைத்தியம் பிடித்துச் செத்தான்.

1661-ல் முதலமைச்சரும் கத்தோலிக்கக் கார்டினலுமான மஸாரன் வான்சேன் கோட்டையில் சாகக் கிடந்தார். நாட்டின் ஆகப் பெரிய நான்கு வைத்தியர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பத்தேனின் கடிதம் சொல்கிறது: மண்ணீரல் கெட்டுவிட்டது என்றார் பிரயே. கல்லீரல் என்றார் கெனோ. நுரையீரல், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார் வலோ. குடல் சவ்வில் சீழ்க்கட்டி என்றார் தே ஃபூழெரே. மஸாரன் இறந்தார். சில நாள் கழித்துத் தெரு நெரிசலில் கெனோவின் வண்டி மாட்டிக்கொண்டபோது ஒரு வண்டிக்காரன் கத்தினானாம்: "டாக்டருக்கு வழி விடுங்கடா, கார்டினலைக் கொன்று நமக்கெல்லாம் புண்ணியம் செய்தவர் இவர்தான்!" மஸாரனை மக்களுக்குப் பிடிக்காது, வரி அப்படி. இதையும் பத்தேன் ஒன்று விடாமல் நண்பருக்கு எழுதி அனுப்பினார்.

ஆன்டிமனிச் சண்டை 1666 மார்ச் 29-ல் முடிந்தது. கூடிய 102 வைத்தியர்களில் 92 பேர் வாந்தி ஒயினுக்கு வாக்களித்தார்கள். நூறு வருடத் தடை போயிற்று. வாக்கெடுப்பில் வென்ற ஒரு விஷம், தோற்ற கட்சி கையில் ரத்தம் சொட்டும் கத்தி. இரண்டில் எது அதிகம் பேரைக் கொன்றது என்று எண்ணியவர் யாருமில்லை.

அதற்கு முந்தைய செப்டம்பரில் மோலியேரின் 'வைத்தியனான காதல்' வேர்சாய் அரண்மனையில் அரசர் முன்னால் மேடையேறியது. ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று வைத்தியர்களை அழைக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து தங்கள் கோவேறு கழுதை எத்தனை தூரம் நடந்தது, குதிரை எத்தனை தூரம் ஓடியது என்று பேசுகிறார்கள். தகப்பன் வந்ததும் ஒருவர் சொல்கிறார்: உடனே ரத்தம் எடுக்காவிட்டால் உங்கள் மகள் செத்தாள். அடுத்தவர் சொல்கிறார்: ரத்தம் எடுத்தால் கால் மணி நேரத்தில் செத்தாள், வாந்திக்குக் கொடுங்கள். ஐம்பது வருடச் சண்டை இரண்டு வசனத்தில். பிறகு ஒரு மூத்த வைத்தியர் வந்து இருவரையும் கடிந்துகொள்கிறார்: ஊர் பார்க்க இப்படி அடித்துக்கொண்டால் நம் குட்டு வெளிப்பட்டுவிடாதா?

பத்தேனுக்கு ஒரே குஷி. செப்டம்பர் 25-ஆம் தேதிக் கடிதத்தில் எழுதுகிறார்: பாரிஸே திரண்டு போகிறது, அரசவை வைத்தியர்களை, முக்கியமாக கெனோவை, முகமூடி செய்து மாட்டிக் காட்டுகிறார்களாம், தண்டனையே இல்லாமல் ஆட்களைக் கொல்கிறவர்களை இப்படித்தான் கேலி செய்ய வேண்டும். நாடகத்தின் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறார். அரங்கின் பெயரும் தவறு. ஆள் போய்ப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. போயிருந்தால், உடனே ரத்தம் எடு என்று மேடையில் குதிக்கும் அந்த வைத்தியரின் குரலை அடையாளம் கண்டிருப்பார்.